ஒரிஜினலா, கொப்பியா, பாவித்ததா? மடிக்கணினிச் சார்ஜர் வாங்க ஆலோசனை தேவை

கோண்டாவில்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம், முதலாம் வருடம். அவளுக்காகப் பாவித்த டெல் லாட்டிட்யூட் மடிக்கணினி ஒன்று வாங்கினோம். கணினியில் குறை இல்லை. கூட வந்த சார்ஜரின் வயர்தான், கணினியில் செருகும் முனைக்குக் கிட்ட, தோல் பிரிந்து உள்ளே கம்பி தெரிகிறது. ஒரு பக்கமாக மடித்துப் பிடித்தால் மட்டும் சார்ஜ் ஏறுகிறது.

கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் விசாரித்தேன். ஓரிடத்தில் ஒரிஜினல் என்று 9,500 ரூபாய் கேட்டார்கள். பக்கத்துக் கடையில் அதே பெயர் பொறித்தது 2,800. அது கொப்பிதான் என்று அந்தத் தம்பி மறைக்காமல் சொன்னார். மூன்றாவது இடத்தில், பழைய கணினியோடு வந்த பாவித்த ஒரிஜினல் 4,000. உத்தரவாதம் ஒரு கிழமை.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. இவர் கொப்பியை வாங்கு, பழுதானால் பிறகு பார்க்கலாம் என்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி அங்கிருந்து அனுப்புகிறேன் என்கிறான். மகளுக்கு ஒப்படை கொடுக்கும் திகதி நெருங்குகிறது. தாராளமாகச் செலவழிக்க வசதி இல்லை. ஒரே பொருளுக்கு இரண்டு தரம் செலவழிக்கவும் முடியாது. சார்ஜரோடு மவுஸ், பென்டிரைவ், இயர்போன் எல்லாம் வாங்க வேண்டியிருக்கிறது. எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கவே கூடாது? விளங்கியவர்கள் சொல்லுங்கள்.

பொறியியல்_மாணவன்:

அம்மா, சார்ஜரின் முனையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். வட்டமான உலோகக் குழாய். அதன் நடுவில் ஊசி மாதிரி ஒன்று நிற்கும். கணினியை ஓட்டும் மின்சாரம் அந்த ஊசி வழியாக வருவதில்லை. சார்ஜருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு சிப் தான் 65 வாட்டா, 90 வாட்டா என்று கணினிக்குத் தெரிவிக்கும் வழி அது. அந்தத் தகவல் போய்ச் சேராவிட்டால், சார்ஜரை அடையாளம் காண முடியவில்லை என்று திரையில் எச்சரிக்கை வரும். கணினி ஓடும். ஆனால் பற்றரி ஏறாது, வேகமும் குறைந்துவிடும். மலிவான கொப்பிகளில் அடிக்கடி கோளாறு வருவது இந்த இடத்தில்தான்.

அதனால் எதை வாங்கினாலும் கணினியைக் கடைக்குக் கொண்டுபோங்கள். பற்றரி பாதியளவு இறங்கியிருக்கட்டும். கணினியை இயக்கும்போது எஃப்2 விசையை அழுத்தினால் அமைப்புப் பக்கம் வரும். அங்கே பற்றரி பற்றிய பகுதியில் சார்ஜர் எத்தனை வாட் என்று காட்டும். அங்கே வாட் எண் வராவிட்டால் அந்தச் சார்ஜர் வேண்டாம்.

பழைய சார்ஜரின் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றிருந்தால் 65 வாட். 4.62 ஆம்பியர் என்றால் 90 வாட். வோல்ட் மாறக்கூடாது. ஆம்பியர் கூடினால் கெடுதல் இல்லை, குறைந்தால்தான் தொல்லை.

கடைக்காரன்:

தம்பி சொன்னது சரி. நான் யாழ் நகரில் இந்த வியாபாரத்தில்தான் இருக்கிறேன். கேள்வியில் மலிவு என்று ஒன்றாகப் பேசப்படுவது உண்மையில் இரண்டு வகைச் சாமான். டெல், அப்பிள், சாம்சுங் என்று பெரிய பெயரைத் திருடி ஒட்டியது ஒரு வகை. ஆங்கர், யூகிரீன், பேஸியஸ் மாதிரித் தன் சொந்தப் பெயரில், விலை குறைவாக வருவது மறு வகை. இரண்டாவது வகையை நான் மனதார விற்கிறேன். முதல் வகையை என் கடையில் வைப்பதில்லை.

பெயரைத் திருடியவனுக்குக் காப்பாற்ற ஒரு பெயர் கிடையாது. சொந்தப் பெயர் போட்டவனுக்கும் பிழை வரும், ஆனால் அவன் பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் தன் பவர்கோர் 10000 பவர்பாங்கில் ஏ1263 என்ற மாதிரியைத் தீப்பிடிக்கும் அபாயம் காரணமாகத் திருப்பி அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டவை. வைத்திருந்தவர்கள் மாதிரி இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் பார்த்து, தங்களுடையது அதுதானா என்று அறிந்துகொள்ள முடிந்தது. கொப்பியில் அதே கோளாறு இருந்தால் யார் அறிவிப்பார், யார் திருப்பி எடுப்பார்?

இன்னொன்று, அம்மா. 9,500 கேட்டதால் மட்டும் அது ஒரிஜினல் ஆகிவிடாது. 2016இல் அப்பிள் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், அமேசானில் அசல் என்று விற்கப்பட்ட தன் பெயர் கொண்ட சார்ஜர்களையும் கேபிள்களையும் வாங்கிச் சோதித்ததில் ஏறத்தாழ 90 வீதம் போலி என்று தெரிவித்தது. அவ்வளவு பெரிய சந்தையிலேயே அந்த நிலை. பில்லில் ஒரிஜினல் என்றும் எத்தனை மாத உத்தரவாதம் என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனையை எடுக்கத் தயங்குகிற கடையில் காசை எடுக்க வேண்டாம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் அது இருக்கிறது. முறைப்பாட்டுக்கு 1977.

சாவகச்சேரி_வாசகி:

கடைக்கார அண்ணா, நீங்கள் நேர்மையாக வியாபாரம் செய்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் இதைச் சொல்லியே ஆகவேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேலே ஏறியபோது எங்களுடைய சம்பளம் கூடவே ஏறவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் 2,800 ரூபாய் என்பது யோசித்து எடுக்கும் காசு. நல்லதாகப் பார்த்து வாங்கு என்பது கையில் காசு உள்ளவருக்குச் சொல்லும் புத்தி. கொப்பி வாங்குகிறவர் விளங்காமல் வாங்குவதில்லை. மாதக் கடைசியில், பிள்ளைக்கு நாளைக்கு வேண்டும் என்ற நிலையில், கையில் இருப்பதைக் கொடுத்து வாங்குகிறார். அந்த மனிதருக்கு என்ன வழி? அதைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_மின்னாளர்:

பிள்ளை, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சுன்னாகத்தில் இருந்து எழுதுகிறேன். வேலைக்காலம் முழுவதும் மின்சாரத்தோடுதான் போயிற்று.

சுவரில் 230 வோல்ட். மகள் மடியில் வைத்திருக்கும் கணினிக்கு வருவது 19.5 வோல்ட். இந்த இரண்டையும் பிரித்து வைத்திருப்பது அந்தச் சிறிய கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் ட்ரான்ஸ்போமரின் காப்பும், பலகையில் விடப்பட்ட இடைவெளியும்தான். நல்ல தயாரிப்பில் அந்த இடைவெளி பல மில்லிமீட்டர். கொப்பிகளைத் திறந்தால் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாதவை இருக்கின்றன. மாரி காலத்து ஈரம் உள்ளே படிந்தால் 230 வோல்ட் மறுபக்கம் தாவ அது போதும். 2016இல் யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் ஐபோனுக்கான போலிச் சார்ஜர்கள் 400ஐச் சோதித்தது. தேறியவை மூன்று மட்டும். ஆளைக் கொல்லும் அளவு மின்னதிர்ச்சி தரக்கூடிய நிலையில் 12 இருந்தன. இது காசுள்ளவன், இல்லாதவன் என்று பார்த்து வராது. அதனால்தான் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில்: சுவரில் செருகுவதும், உள்ளே லிதியம் பற்றரி இருப்பதும் என்றால் கொப்பி வேண்டவே வேண்டாம். அதற்கான காசை மற்றவற்றில் மிச்சம் பிடியுங்கள். மவுஸ், விசைப்பலகை, போன் உறை, கணினிப் பை, தாங்கி, இவற்றில் எதுவும் நின்றுபோனால் நின்றுபோகும், அவ்வளவுதான். விலை குறைந்ததையோ பாவித்ததையோ பயமில்லாமல் வாங்கலாம்.

சார்ஜருக்குக் காசு போதாவிட்டால் பாவித்த ஒரிஜினல். புதிய கொப்பியைவிடப் பழைய அசல் ஆயிரம் மடங்கு மேல். சார்ஜருக்குள் தேய்கிற பாகம் அதிகம் இல்லை. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கபாசிட்டர் மெல்ல வயதாகும், வயர் முறியும். வாங்கும்போது பெட்டியைக் காதருகில் வைத்துக் குலுக்குங்கள், உள்ளே எதுவும் ஆடக்கூடாது. ஓரத்து மூட்டு பிளந்திருக்கக்கூடாது. மூக்கில் வைத்துப் பாருங்கள், கருகல் மணம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அரை மணித்தியாலம் கடையிலேயே ஓடவிட்டுப் பெட்டியைப் பிடியுங்கள். சூடு இருக்கும். கையை எடுக்கவேண்டிய அளவு சூடு இருக்கக்கூடாது.

கணினியின் உலோக மூடியில் கை வைக்கும்போது சுள்ளென்று மெல்லியதாகத் தெரிந்தால் சார்ஜர் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். எர்த் இல்லாமல் ஓடும்போது ஒரிஜினலிலும் அது வரும். இரைச்சலை அடக்க வைக்கும் சிறு கபாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்றால் கூடுதலாகத் தெரியும். மூன்று முள் பிளக்கும் வீட்டில் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் போய்விடும். எங்கள் ஊரில் பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பி எப்போதோ துருப்பிடித்துப் போயிருக்கும். வயர் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு ஒருமுறை பார்ப்பியுங்கள்; அந்தச் செலவு எந்தச் சார்ஜரையும்விடப் பிரயோசனமானது.

நல்லூர்_கமரா:

ஐயாவின் பட்டியலில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன்: பதிவு சேமிக்கும் எதுவும். நான் திருமணங்களுக்குப் படம் எடுக்கிறேன். தாலி கட்டும் நேரத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது. மெமரி கார்ட், பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் பாவித்தது வாங்குவதே இல்லை. பெயர் தெரியாததும் வாங்குவதில்லை.

மகளுக்கு பென்டிரைவ் வாங்கப்போவதால் போலி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. உள்ளே இருப்பது 8 ஜிபி சிப்பாக இருக்கும். அதை நடத்தும் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி எழுதி, 512 ஜிபி என்று கணினிக்குப் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். செருகினால் 512 என்றே காட்டும். கோப்புகளைப் போட்டால் ஏற்றுக்கொள்ளும். பெயர்கள்கூட வரிசையாகத் தெரியும். 8 ஜிபி நிரம்பிய பிறகு போட்டவற்றைத் திறக்கப் போனால்தான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும். அது இரண்டு மாதம் கழித்து, ஒப்படைக்கு முதல் நாள் இரவாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மக்கிலும் எஃப்3. கார்ட் முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும். பெரிய கார்ட் என்றால் மணிக்கணக்கு எடுக்கும், இரவு போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். புதிதாக வாங்கும் ஒவ்வொன்றையும், எந்தக் கடையாக இருந்தாலும், இப்படிச் சோதித்த பிறகுதான் கமராவில் போடுகிறேன். 64 ஜிபி கார்ட் விண்டோஸில் 59 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்குப் பார்க்கிறார், விண்டோஸ் 1,024ஆல் பார்க்கிறது. படிப்புக்கு 32 அல்லது 64 ஜிபி தாராளம். நம்பமுடியாத விலைக்கு ஒரு டெராபைட் பென்டிரைவ் கண்டால் கையால் தொட வேண்டாம்.

பாவித்தது என்றாலே வெறுப்பு என்று நினைக்க வேண்டாம். என் முக்காலி, பிளாஷ், லென்ஸ்கள் பெரும்பாலும் பாவித்து வாங்கியவை. லென்ஸ் மட்டும் டோர்ச் அடித்து உள்ளே பார்த்து வாங்க வேண்டும். எங்கள் காலநிலைக்கு நூல் நூலாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும்.

ரொறன்ரோ_மருமகள்:

மாமா மாமி உரும்பிராயில் இருக்கிறார்கள். நானும் இங்கிருந்து சாமான் அனுப்புகிறவள் என்பதால் சொல்கிறேன். அம்மா, தம்பி அனுப்பினால் வாங்கிக்கொள்ளலாம். ஸ்டிக்கரில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மடிக்கணினிச் சார்ஜர்களில் அநேகமாக இருக்கும். தலைமயிர் உலர்த்தி மாதிரியான சூடாக்கும் சாமான்களில் இருக்காது. 120 வோல்ட் மட்டும் என்று எழுதியதை அங்கே செருகினால் அந்த நிமிடமே எரிந்துவிடும்.

பிளக்தான் பிரச்சினை. இங்கே தட்டையான முள். அதற்கு மேலே மலிவான மாற்றிப் பிளக் ஒன்றைப் பொருத்தி, அது சொக்கெட்டில் ஆடி ஆடிப் பொறி பறக்கிற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். மாற்றியே தேவையில்லை. பெட்டிக்கும் சுவருக்கும் இடையே உள்ள வயர் கழன்று வரும். அதே முனையும், சதுர மூன்று முள் பிளக்கும், உள்ளே பியூஸும் உள்ள வயரை யாழ்ப்பாணத்தில் சின்னக் காசுக்கு வாங்கிப் போடலாம். லண்டனிலிருந்து வருவதென்றால் இந்தத் தொல்லையும் இல்லை. அங்குள்ள பிளக் எங்கள் சதுர முள்தான்.

ஆனால் தபாலில் வர எடுக்கும் காலத்தையும் செலவையும் யோசியுங்கள். சார்ஜருக்கு உத்தரவாதம் என்று வந்தால் கனடாவுக்கா திருப்பி அனுப்புவீர்கள்?

பருத்தித்துறை_வாசகன்:

இடையில் ஒரு கேள்வி. 30,000 எம்ஏஎச் (எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு) என்று எழுதிய பவர்பாங்க் ஒன்றை விலை குறைவாகத் தருகிறார்கள். சட்டைப் பையில் அடங்கும் அளவு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்தில் பட்டது போதும், ஒன்று வாங்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன். நம்பலாமா?

பொறியியல்_மாணவன்:

வேண்டாம் அண்ணா. பவர்பாங்கைப் பொறுத்தவரை நிறுவைத் தராசு பொய் சொல்லாது. உள்ளே போடும் உருளைப் பற்றரிக் கலம் ஒன்று ஏறத்தாழ 45 கிராமுக்கு மேல் இருக்கும். மிக நல்லதே 3,500 எம்ஏஎச் அளவுதான் தரும். 30,000 என்றால் குறைந்தது ஒன்பது கலம். கலங்கள் மட்டுமே 400 கிராமைத் தாண்டும். சட்டைப் பையில் அடங்குகிறது என்றால் உள்ளே அவ்வளவு இல்லை.

உண்மையான 10,000க்கும் போனில் அவ்வளவு வந்து சேராது. அந்த எண் கலத்தின் 3.7 வோல்ட்டுக்குக் கணக்கிட்டது, அதாவது சேமித்த ஆற்றல் 37 வாட் மணி. 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது இழப்பெல்லாம் போக 6,000 அல்லது அதற்குச் சற்று மேல் கிடைத்தால் நல்ல தயாரிப்பு. இதைப் பெட்டியில் சின்ன எழுத்தில் எழுதுகிற நிறுவனத்தை நம்பலாம். பலாலியிலிருந்து சென்னைக்கோ கட்டுநாயக்காவிலிருந்து வேறெங்கோ போகும்போது கொண்டுபோவதானால் 100 வாட் மணிக்கு உட்பட்டதாக, கைப்பையில் இருக்க வேண்டும். வாட் மணி அச்சிடப்படாததைப் பறித்துவிடவும் கூடும்.

பாசையூர்_வாசி:

கடற்கரையோரம் இருப்பவர்களுக்காக ஒன்று. இங்கே எந்தச் சாமானையும் முதலில் தின்பது உப்புக்காற்று. பாவித்த கேபிள், ஹெட்போன், விசைப்பலகை வாங்கும்போது செருகும் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பித்தளை நிறத்தின் ஓரத்தில் பச்சையாகப் புள்ளி விழுந்திருந்தால் உள்ளேயும் அரித்திருக்கும். யூஎஸ்பி-சி முனையின் உட்புறத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால்கூட எடுக்க வேண்டாம். அந்த இடம் சூடேறி உங்கள் போனின் வாயையும் கெடுத்துவிடும். கேபிள் போனால் சில நூறு ரூபாய். போனின் வாய் போனால் ஆயிரக்கணக்கு.

கேபிளில் நான் மலிவுக் கட்சியும் இல்லை, பெரிய பெயர்க் கட்சியும் இல்லை. யூஎஸ்பி-சி கேபிள் சாதாரணமாக 3 ஆம்பியர், 60 வாட் வரை தாங்க வேண்டும். அதற்கு மேலே 5 ஆம்பியர் போக வேண்டுமானால் முனைக்குள் தன் தகுதியைச் சொல்லும் சிப் ஒன்று இருக்க வேண்டும். எத்தனை வாட் என்று எழுதிய, சொந்தப் பெயர் போட்ட கேபிள் போதும். 2015இல் கூகுள் பொறியியலாளர் பென்சன் லீயுங் என்பவர் அமேசானில் விற்ற யூஎஸ்பி-சி கேபிள்களைத் தன் கைக்காசில் வாங்கி ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதினார். அடுத்த ஆண்டு, கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்ட ஒரு மலிவுக் கேபிள் அவருடைய கணினியையே பழுதாக்கியது. நீளமான கேபிள் வாங்க ஆசைப்படுகிறவர்கள் வாட் எழுத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

சங்கானை_வாசகன்:

எல்லாம் வாசித்தேன். ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பழுதானது சார்ஜரா, வயரா? முனைக்குக் கிட்டத் தோல் பிரிந்திருக்கிறது, மடித்துப் பிடித்தால் ஏறுகிறது என்று அந்த அம்மாவே எழுதியிருக்கிறார். அப்படியானால் பெட்டி உயிரோடு இருக்கிறது. இவ்வளவு பேரும் ஏன் அவரை வாங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?

1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் இருந்த ஆண்டுகளில், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். செத்த டோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்சம் உயிர் வாங்கியவர்கள். அந்தக் கஷ்டம் திரும்ப வரவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சாமானில் எந்த இடம் பழுது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் திருத்துகிற பழக்கத்தை ஏன் விட வேண்டும்? உங்களிடம் இருப்பது ஒரிஜினல். முனையோடு வயரை மாற்றுங்கள்.

திருத்துபவன்:

ஐயா சொன்னதுதான் சரியான வழி. திருநெல்வேலிப் பக்கம் திருத்த வேலை செய்கிறேன். எங்களிடம் வரும் மடிக்கணினிச் சார்ஜர்களில் பெட்டி செத்தது குறைவு. முனைக்குக் கிட்ட முறிந்ததுதான் அதிகம்.

ஆனால் டெல் சார்ஜரில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வயரின் தோலை உரித்தால் உள்ளே மூன்று கம்பிகள்: வெளியே சுற்றிவரப் பின்னிய கம்பி, அதற்குள்ளே காப்புறையோடு ஒன்று, கூடவே மெல்லிய மூன்றாவது. தம்பி முதலில் சொன்ன நடு ஊசிக்குப் போவது அந்த மூன்றாவதுதான். அவசரத்தில் இரண்டை மட்டும் ஈயம் வைத்துப் பொருத்தி அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். கணினி ஓடும், பற்றரி ஏறாது. கடைசியில் சார்ஜர் போலி என்று பேர் வாங்கும். மூன்றையும் பொருத்தச் சொல்லுங்கள். வயரை நடுவில் வெட்டி டேப் சுற்றி விடாமல், பெட்டியைத் திறந்து உள்ளே பலகையிலேயே ஈயம் வைக்கச் சொல்லுங்கள். பெட்டியை மூடும்போது பசை போட்டு இறுக்க வேண்டும். முன்பு சொன்னபடி எஃப்2 பக்கத்தில் வாட் எண்ணைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். புதிய ஒரிஜினலின் விலையில் சிறு பங்குதான் வரும்.

பெட்டியைத் திறக்கும் முன் சுவரிலிருந்து கழற்றி வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டர் சில நேரம் அடிக்கும். வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

நல்லூர்_கமரா:

இயர்போன் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. படிப்புக்கு வயர் உள்ளதையே வாங்குங்கள், சொந்தப் பெயர் போட்ட விலை குறைந்தது போதும். வயர் இல்லாத சிறிய காதுச் செருகியில் ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டிப் பற்றரி இருக்கிறது. சில வருடத்தில் அது தேய்ந்துவிடும், மாற்ற வழி இல்லை. பாவித்தது வாங்கினால் தேய்ந்த பற்றரியைத்தான் வாங்குகிறீர்கள். ஏர்பொட்ஸ் என்றால் பழைய உரிமையாளரின் கணக்கில் பூட்டியிருக்கவும் கூடும்.

கோண்டாவில்_அம்மா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வயரை மாற்றுவித்தேன். மூன்று கம்பி என்று சொன்னதும் அந்தத் தம்பி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்தே செய்து தந்தார். எஃப்2 பக்கத்தில் 65 வாட் என்று காட்டுகிறது. மகளுக்கு மவுஸ் பாவித்தது, பென்டிரைவ் புதிது. சோதனை இரவு முழுக்க ஓடிப் பிழை இல்லை என்று வந்தது.

இப்போது வேறு ஒன்று. கரண்ட் போனால் கணினி முக்கால் மணித்தியாலம்கூட நிற்கவில்லை. விண்டோஸில் பற்றரி அறிக்கை எடுத்துப் பார்த்தாள். புதிதில் 68 வாட் மணி, இப்போது முழுதாக ஏறினால் 27 என்று இருக்கிறது. வேறொரு கணினியில் கழற்றிய ஒரிஜினல் பற்றரியை மலிவாகத் தருகிறேன் என்கிறார் ஒருவர். சார்ஜரில் பாவித்த ஒரிஜினல் நல்லது என்று ஐயா சொன்னீர்கள். பற்றரிக்கும் அது பொருந்துமா?

ஓய்வுபெற்ற_மின்னாளர்:

பொருந்தாது, பிள்ளை. லிதியம் பற்றரி பாவித்தாலும் தேயும், பாவிக்காமல் மேசைக்குள் கிடந்தாலும் தேயும். கழற்றி வைத்தவர் எத்தனை நாள் வெறுமையாக வைத்திருந்தார், கீழே போட்டாரா என்று வெளியிலிருந்து தெரியாது. பெயர் அசலாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஆயுள் இன்னொருவர் செலவழித்து முடித்தது. உத்தரவாதத்தோடு புதிதாக வாங்குங்கள். பற்றரியின் ஸ்டிக்கரில் இருக்கும் மாதிரி இலக்கமும் வோல்ட்டும் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும்.

அதுவரை இருக்கிற பற்றரியோடு சமாளிக்கலாம், அவசரம் இல்லை. தொடுதளம் மேலெழும்பினாலோ, மேசையில் வைக்கும்போது கணினி தட்டையாக இருக்காமல் ஆடினாலோ மட்டும் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பற்றரி வீங்குகிறது என்று அர்த்தம். அழுத்தக்கூடாது, துளைக்கக்கூடாது. வளவுக்குள் குப்பை எரிக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. பழைய பற்றரி அந்தக் குப்பைக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெடிக்கும்.

திருத்துபவன்:

ஐயா சொன்னதோடு ஒன்று: டெல் ஒரிஜினல் பற்றரி புதிதாகக் கிடைக்காவிட்டால், சொந்தப் பெயரில் வரும் மாற்றுப் பற்றரியை எடுக்கலாம். ஆறு மாதமாவது உத்தரவாதம் எழுதித் தருகிறார்களா என்று பாருங்கள். போட்டவுடன் மறுபடி அந்த அறிக்கையை எடுங்கள். ஸ்டிக்கரில் 68 என்று எழுதிவிட்டு அறிக்கையில் 50 காட்டினால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சாவகச்சேரி_வாசகி:

என் கேள்விக்கும் பதில் கிடைத்தது, ஐயாவுக்கு நன்றி. எங்கள் வீட்டுச் சார்ஜரில் பெட்டியே செத்துவிட்டது, வயர் இல்லை. எச்பி, 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர், முனை நீல நிறம், மெல்லியது. பாவித்த ஒரிஜினல் யாரிடமாவது இருக்கிறதா?

கடைக்காரன்:

இருக்கிறது தங்கச்சி. 4.5 மில்லிமீட்டர் முனை. கணினியைக் கொண்டு சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள். அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுவோம். காசைப் பிரித்துத் தருவதென்றாலும் பரவாயில்லை. பில் எழுதித் தருகிறேன்.